ஹெலிகாப்டர் சமையல்

"ஐயோ...! என் மாப்ளே போயிட்டாரே...!"

பர்ராங்கோ முகாமின் காலைக் குளிரை அந்த அலறல் குறுக்காகக் கிழித்தது.

சமையல் கூடாரத்தில் கஞ்சிப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்த எலிநாமியின் கையிலிருந்து கரண்டி நழுவியது.

பெயரில்தான் எலி. ஆள் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். கிளிமஞ்சாரோ மலையில் பதினோரு வருஷமாகச் சமையல்காரன். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடாரத்துக்கு ஓடினான்.

உள்ளே...

மடக்கு மேஜை. மேஜை மேல் கஞ்சிக் கிண்ணம்.

கிண்ணத்துக்குள் ஒரு முகம்!

தார் எஸ் ஸலாமில் சோபா கடை வைத்திருக்கும் ஷொமாரி, எலிநாமி ஆசையாய்க் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சிக்குள் மூக்கு, வாய், தாடி எல்லாவற்றையும் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

பக்கத்தில் அவருடைய மாமியார் பி தாத்து. அறுபத்திரண்டு வயது. தலையில் பூப்போட்ட கங்கா துணி, அதற்கு மேல் கம்பளிக் குல்லா, அதற்கும் மேல் இரண்டு கைகள்!

"போயிட்டாரே! என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!"

துணை வழிகாட்டி மங்கா பாய்ந்து வந்து ஷொமாரியின் பின்மண்டையைப் பிடித்துத் தூக்கினாள். கிண்ணமும் சேர்ந்து வந்தது. உதறினாள். கிண்ணம் கழன்றது.

மூக்கிலிருந்து ஒரு கஞ்சிக் குமிழி கிளம்பி...

டப்!

"உயிர் இருக்கு!" என்றாள் மங்கா.

"இருக்கா?" பி தாத்துவின் அழுகை பட்டென்று நின்றது. "நல்லாப் பாரும்மா. எப்பவுமே இவரு இப்படித்தான் இருப்பாரு."

ஷொமாரி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "வயிறு..." என்றார். மூடிக்கொண்டார்.

கூடாரத்தின் ஸிப் கரகரத்தது. தலைமை வழிகாட்டி ஒக்டாவியன் உள்ளே வந்தான். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு வாக்கி-டாக்கி, சலவை மடிப்புக் கலையாத ஜாக்கெட். ஆறு நாள் மலையேற்றத்தில் நான்காம் நாள்கூட மடிப்புக் கலையாத ஒரே ஆள் அவன்தான்.

ஷொமாரியின் காது மடலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டினான். எண்ணைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். அப்புறம் நிதானமாக எலிநாமியின் பக்கம் திரும்பினான்.

"மூணாவது."

"எ... என்ன மூணாவது, தலைவரே?"

"இந்த சீசன்ல உன் சாப்பாட்டைச் சாப்பிட்டு விழுந்த மூணாவது ஆளு. ரெண்டு பேருக்கு ஹெலிகாப்டர் வந்துச்சு. இப்ப இவரு. என்னய்யா சமைக்கிறே நீ? கஞ்சியா, கண்ணிவெடியா?"

"தலைவரே... சத்தியமா..."

"ராத்திரி பூரா எத்தனை தடவை போனாருன்னு தெரியுமா?"

"பதினாலு" என்றான் எலிநாமி.

"என்னது?"

"கக்கூஸ் கூடாரம் எனக்குப் பக்கத்துலதான். ஸிப் சத்தத்தை எண்ணினேன். போக பதினாலு, வர பதினாலு."

"பாத்தியா மங்கா! போட்டுட்டு எண்ணிக்கிட்டு வேற இருந்திருக்கான்!"

ஒக்டாவியன் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனான். "பர்ராங்கோ முகாம் பேசறேன். அவசரம். நோயாளி ஒருத்தர், கூட வர்ற சொந்தக்காரங்க ஒருத்தர். ஆமா... காரணமா? சாப்பாடு. எழுதிக்குங்க. சா... ப்பா... டு."

கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது. நாற்பது நிமிஷத்தில் ஹெலிகாப்டர்!

"எலி" என்றான் ஒக்டாவியன், வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டே. "இன்னைக்கே உன் மலை அட்டையை வாங்கிடுவாங்க. போறப்ப அந்த நல்ல வாணலியை மட்டும் விட்டுட்டுப் போ. அடுத்து வர்றவனுக்கு ஆகும்."

எலிநாமி சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

மலையில் வேலை செய்ய அதுதான் அனுமதி. மலை அட்டை போனால் மலை போச்சு. மழைக் காலத்தில் மலையடிவார ஊரான மோஷியில் கல்யாணச் சமையல் செய்வான். இரண்டாவது ஹெலிகாப்டருக்கு அப்புறம் அதுவும் பாதியாகிவிட்டது. சாராயக் கடைகளில் அவன் பெயரே மாறிவிட்டது. எலிநாமி போய் 'ஹெலி'நாமி!

'வாடா ஹெலி! உன் பந்தியில உக்காந்தா வீட்டுக்கு வானத்துல போகலாமாமே!'

போன மாதம் சொந்தச் சித்தப்பா மகளின் கல்யாணத்துக்கே அவனைக் கூப்பிடவில்லை. விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். சமையல்காரனாகக் கூப்பிடவில்லை. அந்த வலி அவனுக்குத்தான் தெரியும்.

கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றான். எதிரே முகாமை மறைத்துக்கொண்டு செங்குத்தாய் நின்றது பர்ராங்கோ சுவர். எண்ணூறு அடிப் பாறை. கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். மற்றக் குழுக்களின் போர்ட்டர்கள் தலைச்சுமையோடு எறும்பு வரிசையாய் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மங்கா பின்னாலேயே வந்தாள்.

"எலி அண்ணே. நேத்து ராத்திரி வாழைக்காய்க் கறி சூப்பை நானும் குடிச்சேன். பி தாத்துவும் குடிச்சாங்க. பன்னிரண்டு போர்ட்டரும் பானையை வழிச்சு நக்கினாங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

எலிநாமி நிமிர்ந்தான்.

"அவரு கிண்ணம் எங்கே?"

"எந்தக் கிண்ணம்?"

"நேத்து சூப் குடிச்ச கிண்ணம்! குளிருதுன்னு பாதிச் சூப்போட கூடாரத்துக்கு எடுத்துட்டுப் போனாரே! கழுவறதுக்கு அது திரும்பி வரவே இல்ல!"

ஓடினார்கள்.

ஷொமாரியின் கூடாரம். தூக்கப் பையைப் புரட்டினார்கள். ஒன்பது காலுறைகள். அவரே பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்த தன் புகைப்படம், உச்சியில் பிடித்துக்கொண்டு போஸ் கொடுப்பதற்காக. அதற்கும் அடியில்...

நீலக் கிண்ணம்!

அடியில் சூப் காய்ந்து அப்பிக்கொண்டிருந்தது. எலிநாமி விரலால் சுரண்டி நாக்கில் வைத்தான். முகம் சுருங்கியது.

"சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு..."

"விஷமாண்ணே?"

"இரு."

சமையல் கூடாரத்துக்குப் போய் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்தான். ஒரு சிட்டிகை மஞ்சளைத் தண்ணீரில் கரைத்தான். அந்த மஞ்சள் தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டான்.

ஒரு விநாடி. இரண்டு விநாடி.

மஞ்சள்... சிவப்பானது! ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்தது!

மங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "ரத்தமா!"

"மகாதி" என்றான் எலிநாமி. "பீன்ஸ் சீக்கிரம் வேக ஒரு சிட்டிகை போடுவோமே, அந்த மகாதி உப்பு. மஞ்சள் பட்டா சிவக்கும். ஒரு கல்யாணத்துல பீன்ஸ் வெந்த தண்ணியிலேயே மஞ்சச் சோறு ஆக்கித் தொலைச்சேன். மொத்தச் சோறும் செக்கச்செவேல்னு வந்துச்சு. பொண்ணோட அப்பா என்னைத் துரத்தினது இன்னும் மறக்கல. இதை ஸ்பூன் கணக்குல உள்ளே விட்டா குடலே வெளியே வந்து குசலம் விசாரிக்கும்."

"அப்ப உங்க மகாதி டப்பாவிலேர்ந்து யாரோ..."

"என்கிட்ட மகாதியே இல்லம்மா! ரெண்டாவது ஹெலிகாப்டர் வந்தப்ப 'பீன்ஸ்தான் காரணம்'னு தலைவர் சொன்னாரு. அன்னைக்கே பீன்ஸை விட்டேன். மகாதியை விட்டேன். இந்த முகாம்ல மகாதி இருக்குன்னா அது என் மூட்டையில வரல."



"யாரோ மேலே கொண்டுவந்திருக்காங்க" என்றாள் மங்கா மெதுவாக.

"கொண்டுவந்து, ஷொமாரி கிண்ணத்துல மட்டும் போட்டிருக்காங்க."

"யாருண்ணே?"

எலிநாமி தன் மஞ்சள் விரலையே பார்த்தான். பிறகு மங்காவின் கையுறையைப் பார்த்தான். நான்கு நாளாக யாரும் கழற்றாத, யாரும் துவைக்காத கையுறை.

மெதுவாகச் சிரித்தான்.

"மங்கா... ஹெலிகாப்டருக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"போதும்!"

* * *

"எதுக்கு?" என்றான் ஒக்டாவியன் எரிச்சலோடு.

"வயித்துப்போக்கு தொத்திக்கும் தலைவரே." எலிநாமி கையில் மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தோடு பணிவாக நின்றான். "மஞ்சளுக்குக் கிருமி செத்துப்போகும். ஹெலிகாப்டர்ல டாக்டரம்மா வர்றதுக்குள்ள எல்லார் கையுறையிலயும் ரெண்டு சொட்டு விட்டுடறேன். நம்ம முகாம் சுத்தமா இருக்குன்னு அவங்க எழுதட்டுமே."

"இப்பத்தான் உனக்குச் சுத்தம் ஞாபகம் வருதா?"

"முதல்ல எனக்கு விடுங்க" என்று மங்கா கையை நீட்டினாள்.

இரண்டு சொட்டு. மஞ்சளாகவே இருந்தது.

"நானும் நீட்டறேன்" என்றார் பி தாத்து. "மஞ்சள் நல்லதுதானே. அந்தக் காலத்துல நாங்க முகத்துக்கே பூசுவோம்."

இரண்டு சொட்டு.

எலிநாமியின் கண்கள் விரிந்தன.

பி தாத்துவின் வலது கையுறையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்... குபுக்கென்று சிவந்தன!

"இது என்னடா, மருதாணி மாதிரி?" என்றார் பி தாத்து, விரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டே.

"மகாதி பாட்டியம்மா" என்றான் எலிநாமி. "மகாதி பட்ட துணிதான் மஞ்சளுக்குச் சிவக்கும். உங்க மாப்பிள்ளை கிண்ணத்துல இருந்த அதே மகாதி!"

மங்கா மாமியாரையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாமியார் மருமகனுக்கு மருந்து வைத்துவிட்டார்!

தரையில் மெத்தைமேல் படுத்திருந்த ஷொமாரி முழங்கையை ஊன்றி எழுந்தார். தாடியில் கஞ்சி.

"அத்தை...! நீங்களா? கொல்லப் பாத்தீங்களா? போன பெருநாளைக்குப் புது சோபா கொடுத்தேனே அத்தை!"

"அந்த சோபாவுல உக்காந்துட்டு எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்! அதுக்கே உன்னைக் கொன்னிருக்கணும்!"

"பாத்தீங்களா! ஒத்துக்கிட்டாங்க! தலைவரே, எழுதிக்குங்க!" ஷொமாரி ஆவேசமாய் இரண்டு கைகளையும் நீட்டிக் கூவினார்.

நீட்டிய கையில் எலிநாமி இரண்டு சொட்டு விட்டான். ஒப்புக்குத்தான் விட்டான்.

சிவந்தது!

ஷொமாரியின் கையுறை, மாமியாரின் கையுறையைவிட அதிகமாகச் சிவந்தது!

இப்போது பி தாத்து எழுந்து நின்றார். "மாப்ளே... இது என்ன?"

"இது... குளிர்ல... கை சிவந்திருக்கும் அத்தை..."

"கையுறைக்கு மேலேயா?"

ஷொமாரியின் உதடு துடித்தது. கண் நிறைந்தது. அப்புறம் ஒரு தொழிலதிபர் அழக் கூடாத விதத்தில் அழுதார்.

"நானேதான் போட்டுக்கிட்டேன் அத்தை! எனக்கு நானேதான்!"

"எதுக்குய்யா?"

"பொண்ணு கேக்க வந்தப்ப உங்ககிட்ட என்ன சொன்னேன்? 'கிளிமஞ்சாரோவுல ஏறினவன் நான்'னு சொன்னேன்ல? பொய் அத்தை! எங்க கடை மாடிப்படியிலேயே எனக்கு மூச்சு வாங்கும்! எட்டு வருஷமா அதையே சொல்லிச் சொல்லி, போன வாரம் பந்தியில நீங்க எல்லார் முன்னாடியும் 'வா மாப்ளே, சேர்ந்தே ஏறலாம்'னுட்டீங்க. மூணு நாள் எப்படியோ வந்துட்டேன். நேத்து அந்தச் சுவரைப் பாத்தேன்... என் கால் என்கிட்ட பேசறதையே நிறுத்திடுச்சு! கௌரவமா கீழே போகணும்னா நோயாளியாத்தான் போகணும். ஒரு ஸ்பூன் போட்டுக்கிட்டேன்."

"ஒரு ஸ்பூனா?" என்றான் எலிநாமி கூர்மையாக. "ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணேதான்! 'ஒரு ஸ்பூன், நாலு தடவை, ஹெலிகாப்டர்'னுதான் சொன்னாங்க! நான் பதினாலு தடவை போனேன்! அஞ்சாவது தடவைக்கே நடிப்பை விட்டுட்டேன்!"

எலிநாமி மெதுவாக பி தாத்துவைப் பார்த்தான்.

அவர் கங்காத் துணியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் ஒரு ஸ்பூன் போட்டேன்" என்றார் சன்னமான குரலில். "அவன் அந்தப் பக்கம் திரும்பினப்போ."

"ஏன் அத்தை?"

"நீ பின்வாங்குவேன்னு நெனைச்சுத்தானய்யா பந்தியில கூப்பிட்டேன்! நீ 'சரி அத்தை'ன்னுட்டே! அப்புறம் நான் எப்படிய்யா மாட்டேன்னு சொல்றது? எனக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும்! உனக்கு உடம்பு சரியில்லைன்னா, துணைக்கு நானும் ஹெலிகாப்டர்ல போயிடலாம். 'மருமகனுக்காக உச்சியையே விட்டுக் கொடுத்தாடா'ன்னு ஊரே பேசும்!"

மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் இந்த யோசனையைச் சொன்னது யாரு?" என்று கேட்டாள் மங்கா.

இரண்டு சிவந்த விரல்கள் ஒரே நேரத்தில் நீண்டன.

ஒக்டாவியன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

"தலைவரே" என்றான் எலிநாமி. "உங்க கையுறை?"

"எனக்கு... மஞ்சள் ஒத்துக்காது."

மங்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மிச்சமிருந்த தண்ணீரை எலிநாமி மொத்தமாய்க் கவிழ்த்தான்.

உள்ளங்கை, ஐந்து விரல், மணிக்கட்டு... கசாப்புக் கடைக்காரன் கை மாதிரி சிவந்தது!

இழுபறியில் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு சின்னத் தோல் பை நழுவிக் கீழே விழுந்தது. ஒக்டாவியன் கவனிக்கவில்லை. எலிநாமி அதன்மேல் தன் பெரிய காலை வைத்து மறைத்துக்கொண்டான்.

"சரி!" ஒக்டாவியன் கையை உதறிக்கொண்டான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணில் துளி வெட்கம் இல்லை. "ஆமா! நான்தான் கொடுத்தேன்! என்ன தப்பு? பயந்தவனைத் தோத்தவனா அனுப்பாம, நோயாளியா அனுப்பறேன். சேவைய்யா இது! போன தடவை அந்தப் புது மாப்பிள்ளை... அதுக்கு முன்னாடி அந்தப் பேங்க் மேனேஜர்... என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, தெரியுமா?"

"சேவைக்கு என் வாட்ச் எதுக்கு வாங்கினே?" என்றார் ஷொமாரி.

"என் காதுத் தோடு?" என்றார் பி தாத்து.

"அது நன்றி! அன்பளிப்பு!"

"உங்க சேவையில யாருக்கும் நஷ்டமே இல்லையா?" எலிநாமியின் குரல் உடைந்தது. "என் பேரு போச்சு தலைவரே. பதினோரு வருஷம் இந்த மலையில சோறு போட்ட கை. இன்னைக்கு என் சொந்தக்காரனே என் சோத்தை மோந்து பாத்துட்டுத்தான் வாயில வைக்கிறான்."



ஒக்டாவியன் சட்டென்று தன் இரண்டு கையுறைகளையும் உருவினான். சமையல் கூடாரத்துக்கு விறுவிறுவென்று நடந்தான். எரிகிற அடுப்பில் போட்டான்.

குப்!

"இப்ப சொல்லு எலி. என்ன சாட்சி இருக்கு?"

"இவங்க ரெண்டு பேரும்!"

"கேட்டுப் பாரு" என்றான் ஒக்டாவியன் பின்னாலேயே வந்தவர்களைக் காட்டி. "ஐயா, டாக்டர்கிட்ட சொல்றீங்களா? 'மாமியாருக்குப் பயந்து எனக்கு நானே பேதி மருந்து வச்சுக்கிட்டேன்'னு? அம்மா, நீங்க? மருமகனுக்கு மருந்து வச்சதைச் சொல்றீங்களா? தார் எஸ் ஸலாம் மார்க்கெட் முழுக்க ஒரு மாசம் கடையைத் தொறக்காது. உருண்டு உருண்டு சிரிச்சுக்கிட்டே இருக்கும்."

ஷொமாரி தலை குனிந்தார். பி தாத்து மலையைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கப்பா சமையல்காரரே" என்று முனகினார் ஷொமாரி. "எனக்குக் கடை இருக்கு."

"நான் சொல்லுவேன்!" என்றாள் மங்கா.

"என் பதவி மேல கண்ணு வச்சிருக்கிற துணை வழிகாட்டி வேறென்ன சொல்லும்?" ஒக்டாவியன் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தான். "இன்னும் பத்து நிமிஷம். எலி, இஞ்சி டீ ஒண்ணு போடு. உன் கையால கடைசி டீ."

அடுப்பில் கையுறை கருகிற நாற்றம்.

எலிநாமி கெட்டிலை எடுத்தான்.

இஞ்சியை நசுக்கினான். தண்ணீர் கொதித்தது. முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக, ரொம்ப நிதானமாகக் கலக்கினான்.

ஒக்டாவியன் முதல் கோப்பையைக் குடித்தான். "ஆஹா!" இரண்டாவதைக் குடித்தான். "எலி, உன்னை மாதிரி டீ போட மலையில ஆளே இல்லய்யா. அதுக்காகவே வருத்தமா இருக்கு." மூன்றாவதைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினான்.

பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மெல்லிய இரைச்சல் கேட்டது.

படபடபடபட...

ஹெலிகாப்டர்!

எலிநாமி காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டான். பிறகு, கெட்டிலுக்குப் பக்கத்தில், ஒக்டாவியனின் கண்ணெதிரே, ஒரு பொருளை வைத்தான்.

சின்னத் தோல் பை.

வாய் பிளந்து கிடந்தது. உள்ளே காலி!

ஒக்டாவியன் தன் ஜாக்கெட் பையைத் தடவினான். இன்னொரு பையைத் தடவினான். முகத்திலிருந்த ரத்தம் இறங்கிப் போனது.

"எ... எலி... அது என் பை."

"ஆமா தலைவரே."

"முழுசா இருந்துச்சே! எட்டு ஸ்பூன் இருந்துச்சே!"

"அப்படியா?"

"டீயில... எலி... டீயில என்னய்யா போட்டே?"

"நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஒக்டாவியன் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வயிறு என்னமோ சொன்னது. வெளியே இருந்த போர்ட்டர்களுக்கே அது கேட்டது.

"மங்கா! வழி விடு!"

ஸிப்!

* * *

ஹெலிகாப்டர் இறங்கிய புழுதி அடங்குமுன்பே டாக்டர் கோகு இறங்கிவிட்டார். குட்டையான, கண்டிப்பான பெண்மணி. கையில் மருந்துப் பெட்டி. முகாம் காவலர் நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்து பக்கத்தில் நின்றார்.

"நோயாளி யாரு?"

எல்லோரும் கக்கூஸ் கூடாரத்தைப் பார்த்தார்கள்.

கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"டாக்டர்! என்னைக் காப்பாத்துங்க! கொன்னுட்டான்! எட்டு ஸ்பூன் மகாதி! ஒரு ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான் டாக்டர்! ஒண்ணுக்கு மேல போகவே கூடாது! நான் யாருக்குமே ஒண்ணுக்கு மேல கொடுத்ததில்ல!"

டாக்டர் கோகு காவலரைப் பார்த்தார். காவலர் பேனாவைத் திறந்தார்.

"யாருக்கெல்லாம் கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர், கூடாரத்தை நோக்கி, தேன் மாதிரி குரலில்.

"சீக்கிரம் ஊசி போடுங்க டாக்டர்!"

"எத்தனை பேருக்கு, எந்த அளவுன்னு தெரியாம எப்படி ஊசி போடறது? சொல்லுங்க."

சொன்னான்!

பேங்க் மேனேஜரைச் சொன்னான். புது மாப்பிள்ளையைச் சொன்னான். ஷொமாரியைச் சொன்னான். பி தாத்துவைச் சொன்னான். வாட்ச் எந்தப் பையில், தோடு எந்தக் காலுறைக்குள் என்பதுவரை சொன்னான். எல்லாப் பழியையும் சமையல்காரன் தலையில் போட்டதைச் சொன்னான். நடுநடுவே "ஐயோ" என்றும் சொன்னான். காவலர் பக்கத்தைத் திருப்பித் திருப்பி எழுதினார்.

எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஷொமாரியும் பி தாத்துவும் தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

முதலில் சிரித்தது பி தாத்துதான்.

"ஏன் மாப்ளே... அந்தச் சுவர் உனக்கும் அவ்வளவு பயமாவா இருந்துச்சு?"

"செத்துடுவேன் அத்தை."

"எனக்கும்தாய்யா!" என்று அவர் தோளில் ஒரு அறை விட்டார். ஷொமாரி பாதி மடிந்து நிமிர்ந்தார். "இதை வீட்டிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"இப்ப ஊருக்கே தெரியப்போவுது. கீழே போனாலும் சிரிப்பாங்க, மேலே போனாலும் சிரிப்பாங்க. மேலேயே போயிட்டு வந்துடலாமா?"

டாக்டர் கோகு ஷொமாரியின் நாடியைப் பார்த்தார். உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு நாள் முழு ஓய்வும் என்றார். மறுநாள் மங்கா தலைமையில் மாமியாரும் மருமகனும் அந்தச் சுவரில் ஏறினார்கள். ஒரே பாறையை இருவரும் ஒரே நேரத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு, இருவேறு மகான்களின் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டே ஏறினார்கள். அதற்கு மூன்றாம் நாள் விடியலில் உச்சிப் பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுத அழுகையில் பக்கத்துக் குழுக்காரர்களும் காரணம் தெரியாமல் சேர்ந்து அழுதார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு.

இப்போது, ஹெலிகாப்டர் பக்கத்தில்...

காவலர் ஒரு பக்கமும் போர்ட்டர் ஒரு பக்கமும் தாங்க, ஒக்டாவியன் வெளியே கொண்டுவரப்பட்டான். ஜாக்கெட்டின் மடிப்பு மொத்தமும் கலைந்திருந்தது.

"எட்டு ஸ்பூன்னா விளையாட்டில்லையே" என்றார் டாக்டர் கவலையோடு. எலிநாமியின் பக்கம் திரும்பினார். முகம் இறுகியது. "நீங்கதானே டீ போட்டது? அவர் என்ன பண்ணியிருந்தாலும், நீங்க செஞ்சதும் குத்தம்தான். தெரியுமா?"

"தெரியும் டாக்டர்" என்றான் எலிநாமி.

தன் கம்பளிக் குல்லாவைக் கழற்றினான். உள்ளே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்துக் காட்டினான்.

வெள்ளை உப்பு. கும்பலாக. மொத்தமும்!

"எண்ணிக்குங்க. எட்டு ஸ்பூன். ஒரு சிட்டிகை குறையாது."

மங்காவின் வாய் திறந்தபடியே நின்றது. "அப்ப டீயில?"

"இஞ்சி, தேயிலை, சக்கரை. பையைக் காலி பண்ணிப் பக்கத்துல வச்சேன். அவ்வளவுதான். என் சமையல்ல கண்டதையும் போடற பழக்கம் எனக்கு இல்ல."

ஒக்டாவியன் இப்போது நிஜமாகவே சரிந்தான். காவலர் தாங்கிப் பிடித்தார்.

டாக்டர் கோகு அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். குழம்பிப்போய் எலிநாமியைப் பார்த்தார்.

"உடம்புல ஒண்ணுமே இல்லையே! ஆனா வந்த ஹெலிகாப்டருக்கு நோயாளி காட்டணும். படிவத்துல என்ன வியாதின்னு எழுதறது?"

எலிநாமி குல்லாவை உதறித் தலையில் மாட்டிக்கொண்டான்.

"மனசாட்சின்னு எழுதுங்க டாக்டர்... ரொம்ப வருஷத்து மலச்சிக்கல், இன்னைக்குத்தான் தொறந்துக்கிச்சு!"